இரண்டாவது வாய்

காலையில் எழுந்ததும் என் மனைவி முகம் கழுவுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரிடம்தான் போவாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த மெஷினில் எந்தப் படத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்பது தெரியும். தட்டினால் ஒரு ஃபைல் திறக்கும். அது ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தால், மூச்சை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

"வெள்ளையா இருக்கா?" என்று நான் பாயில் கிடந்தபடியே கேட்பேன்.

"இருக்குங்க."

எங்கள் வீட்டுக் காலைப் பேச்சு அவ்வளவுதான். வெள்ளையாக இருக்கிறது என்றால், என் மைத்துனன் எந்த ஆஸ்பத்திரியிலும் பேர் தெரியாதவனாகக் கிடக்கவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மைத்துனன் என்று உறவுக்குச் சொல்கிறேனே தவிர, அவன் எங்களுக்கு மூத்த பிள்ளை. கல்யாணம் முடிந்து நான் இவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, இவள் இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்று அழுது கூடவே வந்தவன். வளர்ந்து லாரி டிரைவர் ஆனான். ஒருமுறை லாரியின் பின்கதவைச் சாத்தும்போது இடது கை மோதிர விரலின் நுனி நசுங்கிப் போய்விட்டது. "மோதிரம் போட வேற விரல் பாத்துக்கறேன், பொண்ணு பாக்கறதை நிறுத்தாதக்கா" என்று கட்டுப் போட்ட கையைக் காட்டிச் சிரித்தான்.

நான் பார்சல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கிடங்கில் சாயங்கால வகுப்பு என்று ஒன்று தொடங்கினார்கள். தலை நரைத்த பிறகுதான் எழுத்துக் கூட்டப் படித்தேன். முதலில் தமிழ், பிறகு பெட்டி மேல் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து. அதற்கும் அவன் விடவில்லை. "மச்சான் இனிமே பெட்டி தூக்க மாட்டாரு. பெட்டியைப் படிச்சுக்கிட்டே நிப்பாரு. லாரிதான் லேட்டாகும்" என்பான்.

மழை பிடித்த சமயம். லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவன் வழியில் காணாமல் போனான். லாரி ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகப் பூட்டியபடி நின்றது. சாவி, அவன் எப்போதும் ஒளித்து வைக்கிற இடத்தில், டயர் மேலே இருந்தது. போனும் பர்ஸும் உள்ளேயே கிடந்தன. டீ குடிக்க இறங்கிப் போனவன் மாதிரிதான் போயிருக்கிறான். மழையில் யாரும் எதையும் பார்க்கவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். எழுதிக்கொண்டவர், "கல்யாணம் ஆகாத ஆளு. எங்கயாவது போயிருப்பான், வந்துடுவான்" என்றார்.

"டிரைவர் வண்டியைப் பாதியில விட்டுட்டுப் போவானா சார்?" என்றாள் என் மனைவி.

"அதையும் எழுதிக்கறோம்மா."

எங்கள் மகள் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் கோளாறு என்று போன் வந்தால் பதில் சொல்கிற வேலையில் இருக்கிறாள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிகளுக்குப் பேர் தெரியாமல் வருகிறவர்களைப் பற்றி ஓரிடத்தில் போடுகிற பக்கம் ஒன்று இருக்கிறதாம். அதை அவள்தான் கண்டுபிடித்தாள். வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இங்கிலீஷில் வரி வரியாக வரும். முதலில் நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொரு வரிக்கும் பாப்பா, "இது மாமா இல்லம்மா, இது கெழவரு… இதுவும் இல்லம்மா, இது பொம்பளை" என்று சொல்வதற்குள் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நாம பாக்க வேணாம்மா," என்றாள் பாப்பா ஒரு நாள். "மெஷினையே பாக்க விடறேன்."

அப்படித்தான் அந்தப் புரோகிராமை எழுதினாள். மணிக்கு ஒருதரம் அது அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்கும். இடது கை விரல் என்று எந்த வரியிலாவது இருந்தால் அந்த வரியைக் கொண்டுவந்து ஃபைலில் போடும். இல்லை என்றால் ஒன்றும் பேசாது. திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து, ஒரே ஒரு வரி டைப் அடித்துத் தட்டிவிட்டாள்.

"எங்க, ஒண்ணும் காணோம்?" என்றேன்.

"பின்னாடி ஓடுதுப்பா. நம்ம கண்ணுல படாது. அதுபாட்டுக்கு அது வேலையைப் பாக்கும், நாம நம்ம வேலையைப் பாக்கலாம்."

"எங்க சூப்பர்வைசருக்கு நேர் எதிர்னு சொல்லு," என்றேன். அவன் காணாமல் போன பிறகு எங்கள் வீட்டில் யாராவது சிரித்தார்கள் என்றால் அதுதான் முதல் தடவை.

மறுநாளே அது நின்றுபோனது. பாப்பா தலையைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் பார்த்தாள். கடைசியில், "அம்மா, இங்க ஒரு கறுப்பு ஜன்னல் இருந்துச்சே?" என்று கேட்டாள்.

"தொறந்து கெடந்துச்சு. மூடினேன்," என்றாள் இவள். குழாய், கதவு, டப்பா மூடி, எது திறந்து கிடந்தாலும் மூடுகிற கை அது. தையல் கம்பெனியில் நாளெல்லாம் நூல் பிசிறு வெட்டிப் பழகிய கை, சும்மா இருக்காது.

"நீ மூடினது ஜன்னலை இல்லம்மா, அதோட மூக்கை. அது அந்த ஜன்னல்ல பொறந்தது. ஜன்னல் போனா அதுவும் போயிடும்."

"அதை முன்னாடியே சொல்லணும்டி."

பாப்பா வரியின் முன்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்தாள். அதைச் சேர்த்தால் ஜன்னலை மூடினாலும் சாகாமல் ஓடுமாம். அதோடு நிற்காமல், ஒரு அம்புக்குறி இருந்த இடத்தில் இரண்டு போட்டாள். ஒன்று போட்டால் புதிதாகத் தொடங்கும்போது ஃபைலில் பழையது அழிந்துவிடுமாம். இரண்டு போட்டால் பழையதற்குக் கீழே புதியது சேருமாம். இதையெல்லாம் அவள் ஆபீஸில் யார் யாருக்கோ போனில் சொல்கிற குரலிலேயே எங்களுக்கும் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. இவளுக்கு வெள்ளை, கறுப்பு மட்டும் புரிந்தது. அது போதுமாக இருந்தது.

ஆனால் கறுப்பு வர ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் ஃபைலைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் கறுப்பாக எழுத்து. நான் எழுந்து ஓடி வந்து கூட்டிப் பார்ப்பதற்குள், பாப்பா தலையில் சோப்பு நுரையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நெட் இல்லைன்னு சொல்லுதும்மா. அவ்வளவுதான். மாமா இல்ல. பாரு, மாமா இல்ல."

எங்கள் ஏரியாவில் நெட் அடிக்கடி போய்விடும். ஒவ்வொரு தடவையும் அது கோளாறு என்று ஒரு வரி எழுதி வைக்கும். ஒவ்வொரு தடவையும் இவள் விழுவாள். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதைப் பார்த்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர், "அதிர்ச்சி கூடாது" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குத்தான் பாப்பா அந்த வரியின் வாலில் இன்னொரு துண்டைச் சேர்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"புரோகிராமுக்கு ரெண்டு வாய் இருக்குப்பா. ஒரு வாய் கேட்டதுக்குப் பதில் சொல்லும். இன்னொரு வாய் கோளாறைச் சொல்லும். இப்ப ரெண்டும் ஒரே ஃபைல்ல பேசுது, அதான் அம்மா பயப்படறா. ரெண்டாவது வாய் பேசறதை மட்டும் ஒரு பாழுங்கிணத்துல போடச் சொல்லிட்டேன். விழுந்த சத்தம்கூட வராது."

"கோளாறு வந்தா நமக்கு எப்படித் தெரியும்?"

"நெட்டுதானே, போகும், வரும். ஒரு மணி நேரம் தவறினா அடுத்த மணிக்குப் பாத்துடும்."

சரியாகத்தான் பட்டது. இப்போதும் அந்த நேரத்துக்கு அது சரி என்றுதான் படுகிறது.

அதற்குப் பிறகு வெள்ளை. மழை விட்டது, வெயில் வந்தது, வெள்ளை. இவள் திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தாள். தம்பியைப் பற்றிக் கோபமாகப் பேசுகிற அளவுக்குத் தெம்பு வந்தது. "எவளையோ இழுத்துக்கிட்டு ஓடியிருக்கான். சொன்னா வேணாம்னா சொல்லப் போறேன்? வரட்டும், வெளக்குமாறு தேயறவரைக்கும் சாத்தறேன்" என்பாள். ஒருநாள் தன்னோடு வேலை செய்கிற பெண்ணிடம், தம்பி வெளியூரில் இருக்கிறான் என்றே சொல்லிவிட்டாளாம். என்னிடம் வந்து, "பொய்யாங்க அது?" என்று கேட்டாள். "ஊருக்குள்ள இல்லைல்ல, அப்ப வெளியூர்தான்" என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் வார லீவு ஒரே நாளில் வருவது அபூர்வம். அப்படி வந்த ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரிப் பெட்டி அதற்கு முந்தின வாரமே செத்துவிட்டது. மெஷின் அணைந்து, பிறகு தானாக எழுந்தது. இவள் அதன் மேல் காதை வைத்துப் பார்த்தாள், வயிற்றுப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி.

"ஓடுதான்னு தெரியலைங்க."

பாப்பாவுக்குப் போன் போட்டேன். "பின்னாடி ஓடினது நின்னிருக்கும்ப்பா. நான் ராத்திரி வந்து போட்டுக்கறேன்" என்று அவசரமாக வைத்துவிட்டாள்.

"ராத்திரி வரைக்குமா?" என்றாள் இவள். "நடுவுல அவனைப் பத்தி ஏதாச்சும் வந்து போயிட்டா? எழுத்து தெரிஞ்சவருதானே, நீங்க போடுங்க."

திரைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சீட்டில் பாப்பா அந்த வரியை எழுதி ஒட்டியிருந்தாள். கறுப்பு ஜன்னலைத் திறக்க எனக்குக் காட்டிக் கொடுத்தும் இருக்கிறாள். உட்கார்ந்தேன். மூட்டை தூக்கிக் காய்த்த விரலுக்கு அந்தக் கட்டைகள் சின்னது. ஒரு எழுத்தைச் சீட்டில் பார்ப்பது, கட்டைகளில் தேடுவது, அமுக்குவது, திரையில் சரியா என்று பார்ப்பது. இவள் பின்னால் நின்று, "தப்பா அமுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கம்பெனியின் தையல் மெஷின் எல்லாம் இவள் மேற்பார்வையில்தான் ஓடுகிறது போல.

இரண்டு அம்புக்குறியும் ஃபைல் பேரும் வரைக்கும் அடித்துவிட்டேன். அதற்கு மேல் வாலில் ஒரு எண், ஒரு அம்பு, சாய்ந்த கோடுகள், நடுவில் கொஞ்சம் எழுத்து, முடிவில் முறுக்கிய கயிறு மாதிரி ஒரு குறி. கிடங்கில் பெட்டி மேல் ஊர்ப் பேர் முடிந்த பிறகு இப்படித்தான் எண்ணும் கோடுமாகக் கிறுக்கியிருக்கும். அது ஆபீஸ்காரர்களுக்கு. மூட்டை தூக்குகிறவன் ஊர்ப் பேர் வரைக்கும் படித்தால் போதும், மிச்சத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில், ஊர்ப் பேர் வந்துவிட்டது என்று வாலை விட்டுவிட்டுத் தட்டினேன்.

திரையில் ஒரு வரி வந்தது. வணக்கம் சொல்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இவள் ஃபைலைத் திறந்தாள்.

வெள்ளையாக இல்லை.

இந்தத் தடவை அவள் விழவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "படிங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. நான் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இடது, விரல், எந்தச் சொல்லும் எனக்குத் தெரிந்ததாக இல்லை. மறுபடியும் பாப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஃபைல்ல எழுத்து வந்திருக்கு பாப்பா."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "என்ன எழுத்து? ஒவ்வொண்ணா சொல்லுங்க. மெதுவா."

"சி. ஓ. யு. எல். டி. அப்புறம் இடம் விட்டு என். ஓ. டி."

"மேல சொல்லுங்க."

"ஆர், ஈ, எஸ்…"

அந்தச் சொல்லையும் அடுத்ததையும் சொல்லி முடித்தேன்.

"மாமாவாடி?" என்று இவள் போனைப் பிடுங்கிக் கேட்டாள். "சொல்லித் தொலையேன்."

"மாமா இல்லம்மா. கோளாறு." பிறகு, "அப்பாகிட்ட குடு" என்றாள். "அப்பா, அந்தக் கடைசித் துண்டைப் போடலையா?"

"அது எதுக்குன்னு விட்டுட்டேன்."

"நெட் விளக்கு எரியுதா பாருங்க."

மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தேன். "பச்சையா எரியுது."

"நல்லா எரியுதா?"

"எரியுது பாப்பா."

பிறகு, "நான் வரேன். எதையும் மூடாதீங்க" என்றாள்.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள். உட்காரவும் இல்லை. நின்றபடியே குனிந்து எதையோ அடித்தாள், பார்த்தாள், மறுபடி அடித்தாள். அவள் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் பழைய இடத்துல இல்லப்பா," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "வேற விலாசத்துக்கு மாத்திட்டாங்க. பழைய விலாசத்துல யாருமே இல்ல."

"எப்ப மாத்தினாங்க?"

"மழை விட்ட சமயத்துல."

இவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாள் வெள்ளையா இருந்துச்சே?"

"அது பாக்கவே இல்லம்மா. உயிரோட ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. மணிக்கு மணி போய் ஆளே இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிட்டு வந்திருக்கு. விரல்னு ஒரு வரியும் கிடைக்கல, அதனால ஃபைல்ல ஒண்ணும் போடல."

"கதவு தொறக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா அதுக்கு?"

"சொல்லியிருக்கும்மா. ஒவ்வொரு மணிக்கும் சொல்லியிருக்கு." பாப்பாவின் வாய் கோணியது. "நான்தான் கேக்காத மாதிரி பண்ணி வச்சேன்."

"ஏன்?"

நான்தான் சொன்னேன். "கறுப்பைப் பாத்தா உனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு."

இவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே எனக்குன்னு எதையும் மறைக்காதீங்க," என்றாள். "என் நெஞ்சு, நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் கேட்டுக்கங்க."

பாப்பா புது விலாசத்தைப் போட்டு ஓட்டினாள். ஃபைல் வெள்ளையாக வந்தது. உண்மையான வெள்ளை. ஆனால் இவள் மூச்சு விடவில்லை.

"இது இன்னைக்கு. நடுவுல போன நாளுக்கு?"

பழைய மாதத்துப் பக்கங்களையும் புது விலாசத்தில் ஓர் ஓரமாக வைத்திருந்தார்கள். பாப்பா அவற்றையும் தேடுகிற மாதிரி வரியை மாற்றினாள். இந்தத் தடவை அம்புக்குறி போடவில்லை, ஃபைல் இல்லை, பாழுங்கிணறு இல்லை. வருவது எல்லாம் நேராகத் திரைக்கே வரட்டும் என்று விட்டாள். இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இரண்டு பேருக்கும் பின்னால் நின்றேன். பாப்பா தட்டினாள்.

ஒரே ஒரு வரி வந்தது.

பாப்பா அதைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இவள் அவளிடம் கேட்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க படிங்க."

படித்தேன். ஆண் என்பதற்கான சொல் எனக்குத் தெரியும். இடது என்பது பெட்டியில் வருகிற சொல். எண் எல்லாம் தெரியும். தெரியாத சொல்லை நான் எழுத்து எழுத்தாகச் சொல்ல, முகத்தை மூடியிருந்த கைக்குள்ளேயே பாப்பா அர்த்தம் சொன்னாள். முப்பது வயது இருக்கும். ரோட்டில் வண்டி அடித்தது. இடது கை மோதிர விரலில் நுனி இல்லை, அது பழைய காயம். நினைவில்லை. சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினது; பெரிய ஆஸ்பத்திரிதான் இந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு தேதி. மழை விட்டுச் சில நாளில்.

அதற்கு அப்புறம் ஒரு சொல். அதை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பாப்பா அர்த்தம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தேதி இருந்தது.

அந்த இரண்டாவது தேதியை நான் முழுங்கிவிட்டிருக்கலாம். இவளுக்குத் தெரியப் போவதில்லை. பாப்பா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்று சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லிவிடுங்கள் என்று சொன்ன மாதிரியும் இருந்தது. இவள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கேட்டுக்கொண்டாள். நான் இரண்டாவது தேதியையும் படித்தேன். அது வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்த தேதி.

இவள் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"ரெண்டுக்கும் நடுவுல?"

"உயிரோட இருந்திருக்கான்," என்றேன்.

அவள் அழவில்லை. எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். வெகுநேரம் திறந்தபடியே விட்டிருந்தாள்.

மறுநாள் மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனோம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆபீஸில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, போட்டோவைக் காட்டி, கையெழுத்துப் போட்டோம். அவனுடைய சட்டை ஒரு பையில் இருந்தது. இவள் அதைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டாள். உடம்பை யாரும் கேட்டு வராததால் அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். இடத்தையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

இவள் வார்டைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்தக் கட்டிலில் இப்போது ஒரு கிழவர் படுத்திருந்தார். வயதான நர்ஸ் ஒருத்தி மருந்துத் தட்டோடு வந்தாள். போட்டோவைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"இவரா. ரொம்ப நாள் இருந்தாரே."

"கண்ணு முழிச்சானா?" என்றாள் என் மனைவி.

"இல்லம்மா. முழிக்கல."

"யாராச்சும் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"கூப்பிடாம? காலையில டியூட்டிக்கு வந்தா முதல்ல கூப்பிடறதுதான். பேர் தெரியாது. தம்பி, தம்பின்னு கூப்பிடுவேன். மூஞ்சி துடைச்சுவிடறப்பவும் தம்பின்னுதான்."

அதற்குத்தான் இவள் உடைந்தாள். அந்தக் கிழவரின் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். கிழவர் காலை மடக்கி இடம் விட்டார். நர்ஸ் இவள் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பாப்பா மட்டும் வார்டுக்குள் வரவில்லை. கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடக்கம் செய்த இடத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற பஸ்ஸில் பாப்பா தனியாக முன் சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழியில் இவள் எழுந்து, ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ எழுதினதுதான்டி அவனைக் கண்டுபிடிச்சுது. போலீசு கண்டுபிடிக்கல."

"லேட்டாம்மா."

"லேட்டுதான்," என்றாள் இவள்.

இவள் திரும்பி என் பக்கத்துக்கு வரவில்லை. எங்கள் நிறுத்தம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புது விலாசத்துக்கு மணிக்கு மணி போய், விரல் நுனி இல்லாத ஆள் யாராவது இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தது. பாப்பா அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"நிறுத்திடு பாப்பா," என்றேன்.

"கை வரலப்பா."

இவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நிறுத்தினா ஏதாச்சும் சொல்லுமா?"

"சொல்லாதும்மா. நிறுத்துன்னா நிக்கும்."

"சரி. நிறுத்து."

பாப்பா ஒரு சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு எண்ணும் அடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"நின்னுடுச்சா?" என்றாள் இவள்.

"நின்னுடுச்சும்மா."

"ஒண்ணும் வரலையே. நின்னுடுச்சுன்னு எப்படித் தெரியும்? பாத்துச் சொல்லு."

பாப்பா இன்னொரு சொல்லை அடித்தாள். பின்னால் ஓடிக்கொண்டிருப்பதெல்லாம் வரிசையாகத் திரையில் வந்தது. விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். இவளும் தெரியாத அந்த எழுத்துகளை, அவள் விரல் போன இடமெல்லாம் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி வரி வரைக்கும் போனார்கள்.

"இல்லம்மா," என்றாள் பாப்பா.

இவள் தலையை ஆட்டினாள். பிறகு கையை நீட்டி, அந்தக் கறுப்பு ஜன்னலைத் தானே மூடினாள்.